தூரம்னு சொல்லிட்டான்

ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பத்து நாளா பதில் போடாம வச்சிருக்கேன். காலேஜ் ஃப்ரெண்ட் அனுப்பினது. "மச்சி, ஃபேமிலியோட ஸ்ரீலங்கா போறோம், 6 நாள், எந்தெந்த ஊருன்னு லிஸ்ட் அனுப்பு, நீ எக்ஸெல் எல்லாம் போட்டுப் போனியாமே." அந்த எக்ஸெல் இன்னும் என் லேப்டாப்லதான் கெடக்கு, தேடி எடுத்து அனுப்ப ரெண்டு நிமிஷம் ஆகாது, ஆனா கை வரல. ஏன்னா அந்த எக்ஸெல் போட்ட நாங்களே அது படி போகல. பாதி வழியில அதைத் தூக்கிப் போட்டோம், போட்டது சரியா தப்பான்னு எங்க வீட்ல இன்னும் பஞ்சாயத்து முடியல. வேற எதுக்கோ சண்டை போட ஆரம்பிச்சாலும் கடைசில இலங்கைலதான் போய் நிக்குது.

போன வருஷம் ஆகஸ்ட்ல போனோம். நான், வைஃப், ஆறாவது படிக்கிற பொண்ணு, அப்புறம் அம்மா. 9 ராத்திரி. முதல்ல ஒரு டிராவல் ஏஜென்ட்டதான் கேட்டோம். கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டைன்னு அவர் மூச்சு விடாம ஒப்பிச்சார், எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ தெரியல. யாழ்ப்பாணம் வேணும்னு நான் சொன்னதும் "அங்க என்ன சார் இருக்கு, பீச்சும் சுமார், மலையும் கெடையாது, வெயில்தான் இருக்கு"ன்னார். வெயிலைப் பத்தி ஒரு திருச்சிக்காரன்கிட்ட சொல்றாரு பாருங்க. அவர் காட்டின பெந்தோட்டை போட்டோல கடல் கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. அது ஜனவரில எடுத்த போட்டோவா இருக்கணும்னு எனக்கு வீட்டுக்கு வந்து படிச்சப்புறம்தான் புரிஞ்சுது.

அந்தத் தீவுக்கு மழை ரெண்டு பக்கமா வருது. மேலருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை, கொழும்பு, பெந்தோட்டை, காலி பக்கம் கடல் கொந்தளிச்சுக்கிட்டு இருக்கும், குளிக்க எறங்காதேன்னு சிவப்புக்கொடி நட்டு வச்சிருப்பாங்க. நடுவுல மலை நிக்கிறதால அதே மாசத்துல கிழக்குப் பக்கம் காய்ஞ்சு கெடக்கும், திருகோணமலை, பாசிக்குடா கடலெல்லாம் குளம் மாதிரி இருக்கும். டிசம்பர் வந்தா அப்படியே தலைகீழ். ஆக வருஷத்துல பெரும்பாலான மாசம் ஏதோ ஒரு கரை நல்லாத்தான் இருக்கும், எந்தக் கரைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகணும், அவ்வளவுதான். இதைச் சொல்லாம ஆகஸ்ட்ல ஒரு குடும்பத்தைப் பெந்தோட்டைக்கு அனுப்பற ஆள நான் மனசார திட்டினேன். திட்டிட்டு நானே எக்ஸெல் தொறந்தேன்.

தமிழ்நாட்டுல பாதி

இலங்கை மொத்தமே 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட பாதி. வடக்கு முனையிலருந்து தெற்கு முனைக்கு 430 கிலோமீட்டர் சொச்சம், அதாவது சென்னைல கெளம்பி மதுரை வர்ற தூரம் கூட இல்ல. இந்த நம்பர்தான் நம்மள ஏமாத்துறது. சின்னத் தீவுதானே, ஒரு வாரத்துல சுத்திடலாம்னு தோணும். நம்ம ஃபோர்வேல 100-ல அழுத்திப் பழகின கால் இது, அங்க ரோடு நல்லாத்தான் இருக்கு, ஆனா பெரும்பாலும் ரெண்டு வழிதான், நடுவுல பஸ்ஸு, ஆட்டோ, மாடு, ஸ்கூல் விட்டு வர்ற பசங்க, வளைவுல போலீஸு. மலைப்பக்கம் போயிட்டா மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். மேப்ல கையளவு தெரியற தூரம் கார்ல அரை நாள்.

அதனால வைஃப் ஒரு சட்டம் போட்டா. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கார் கெடையாது, போற ஊர்ல முடிஞ்ச வரைக்கும் ரெண்டு ராத்திரி. நியாயமான சட்டம். அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு ஊர்னு ஓட்டுப் போட்டோம். எனக்கு யாழ்ப்பாணம். வைஃபுக்கு எல்லன்னு ஒரு மலை ஊரு, கண்டிலருந்து தேயிலைத் தோட்டம் வழியா போற அந்த ரயில், கல்லும் செங்கல்லும் வச்சுக் கட்டின அந்த ஒம்பது வளைவு பாலம், ரீல்ஸ்ல பார்த்துப் பார்த்து அவளுக்கு டைம்டேபிளே மனப்பாடம். பொண்ணுக்கு யானை, ஆகஸ்ட் செப்டம்பர்ல மின்னேரியா குளத்துல நூத்துக்கணக்குல கூடும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அம்மாகிட்ட கேட்டப்போ யோசிக்கவே இல்ல. "கதிர்காமம்"னாங்க.

அம்மாவுக்கு முருகன்னா அப்படி. ஆறுபடை வீடும் முடிச்சாச்சு, ரெண்டு ரவுண்டு. அருணகிரிநாதர் கடல் தாண்டிப் போய் பாடின தலம்னு சின்ன வயசுலருந்து கேட்டுக்கிட்டே இருந்தவங்க. ஆனா கதிர்காமம் எங்க இருக்கு? தீவோட தெக்கு மூலையில. நாங்க சென்னைலருந்து பிளைட்ல எறங்கறது பலாலி, வடக்கு மூலை. எக்ஸெல்ல கிலோமீட்டர் போட்டுப் பார்த்தேன், எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு நாளும் ஒரு ஓட்டும் காலியாவுது. அந்த வரிக்குச் சிவப்புக் கலர் அடிச்சேன். அம்மாகிட்ட போய் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, இங்க பாருங்கம்மா இவ்ளோ தூரம், நல்லூர் இருக்கு, திருவிழா நேரம் வேற, அதுவும் முருகன்தானேன்னு விளக்கினேன். "சரிப்பா"ன்னாங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணும் சொல்லல. அம்மாவோட அந்த "சரிப்பா"வை நான் நாப்பது வருஷமா கேக்கறேன், அதுல எத்தனை ரகம் இருக்குன்னு எனக்குத் தெரியும், அன்னிக்குத் தெரியாத மாதிரி லேப்டாப்பை மூடிட்டேன்.

கடைசியா வந்த பிளான் இது: யாழ்ப்பாணம் மூணு, திருகோணமலை ரெண்டு, மின்னேரியாவுக்குப் பக்கத்துல ஹபரணை ஒண்ணு, கண்டி ஒண்ணு, எல்ல ஒண்ணு, கொழும்பு ஒண்ணு. பார்க்க அழகா இருந்துச்சு. மட்டக்களப்பு இதுல எங்கயுமே இல்ல, யாரும் அதுக்கு ஓட்டும் போடல, வெட்டறதுக்குக் கூட அது லிஸ்ட்ல வரல. எல்ல ரயிலுக்கு 30 நாள் முன்னாடி புக்கிங் தொறக்கும்னு அலாரம் வச்சு எழுந்து நாலு சீட்டு பிடிச்சோம். கண்டி ரூமுக்கு மொத்தப் பணமும் முன்னாடியே கட்டியாச்சு, கேன்சல் பண்ணா திரும்ப வராதுங்கிற ரகம், 600 ரூபா கம்மின்னு அதை எடுத்த புத்திசாலி நான்தான்.

கச்சான்

யாழ்ப்பாணத்தைப் பத்தி நீளமா எழுதப் போறதில்ல, போனவங்க நெறைய பேர் எழுதிட்டாங்க. மூணு ராத்திரி பத்தல. நயினாதீவுக்குக் குறிக்கட்டுவான்லருந்து படகு ஏறினோம், நூலகத்துக்குப் போனோம், பருத்தித்துறைல வடைன்னு சொல்லி நம்ம தட்டை மாதிரி ஒண்ணு குடுத்தாங்க, பொண்ணு ரெண்டு பாக்கெட்டைத் தனியாவே காலி பண்ணா. நெடுந்தீவு போகல. அதுக்குத் தனியா ஒரு நாள் வேணும்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் நல்லூர். 25 நாள் திருவிழா, நடு நாள் ஏதோ ஒண்ணு, தேர் கூட இல்ல, அதுக்கே அந்தக் கூட்டம். கோயிலைச் சுத்தி ரோடையே மூடி மணல் பரப்பியிருக்காங்க. வாசல்ல ஆம்பளைங்க எல்லாரும் சட்டையைக் கழட்டணும், மந்திரியா இருந்தாலும் கழட்டணும். அர்ச்சனை டிக்கெட் ஒரு ரூபா. நம்ம ஊர் ஸ்பெஷல் தரிசன கியூவை நெனைச்சு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக்கூட இருந்துச்சு, அதை விடுங்க. சாமி சுத்தி வந்ததுக்கப்புறம் அம்மாவுக்குக் கால் வலி, வெளி வீதி மணல்ல உக்காந்துட்டாங்க. வைஃபும் பொண்ணும் வளையல் கடைப்பக்கம். நான் அம்மாவுக்குப் பின்னாடி ரெண்டு அடி தள்ளி, சட்டையில்லாம, நாலு செருப்பையும் மூணு பையையும் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அம்மா பக்கத்துல ஒரு வயசானவங்க வந்து உக்காந்தாங்க. எழுபத்தஞ்சு இருக்கும், ஒல்லியா, நெத்தி நெறைய திருநீறு. மடில கச்சான் பொட்டலம், நம்ம வறுத்த வேர்க்கடலைதான், திருவிழான்னாலே அங்க கச்சான் கடை. அம்மாகிட்ட நீட்டினாங்க. இந்தியாவோ, எவ்விடம், பிள்ளையள் எத்தினை பேர்னு பேச்சு ஓடுச்சு. அவங்க பேசறது அம்மாவுக்கு முக்காவாசிதான் புரியுது, ஆனா தலையாட்டல் நிக்கல. அடுத்து எங்க போறியள்னு கேட்டாங்க. அம்மா எல்லா ஊரையும் வரிசையா சொன்னாங்க, எக்ஸெல்ல இருந்த வரிசை தப்பாம. "அப்ப கதிர்காமம்?" "இல்லம்மா, ஆசைதான். பையன் தூரம்னு சொல்லிட்டான்."

குறை சொல்ற குரலே இல்ல அது. மழை வர்ற மாதிரி இருக்குன்னு சொல்றாப்ல சொன்னாங்க. அந்த அம்மா ஒரு கச்சானை உடைச்சு வாயில போட்டுக்கிட்டு, "தூரமோ? நாங்கள் நடந்தெல்லோ போறனாங்கள்"னாங்க.

எனக்குத் தப்பாக் கேட்டுச்சோன்னு இன்னும் கொஞ்சம் நகர்ந்து உக்காந்தேன். இல்ல, சரியாத்தான் கேட்டிருக்கு. யாழ்ப்பாணத்துப் பக்கம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயில்லருந்து வேல் எடுத்துக்கிட்டுக் கெளம்புவாங்களாம், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை, அங்கருந்து குமணக் காட்டுக்குள்ள எறங்கி கதிர்காமம். ஒண்டரை மாசத்துக்கு மேல ஆகும். ராத்திரி கோயில்ல படுக்கறது, வழில இருக்கற ஊர்க்காரங்க சோறு போடறது. அவங்க மூணு தடவை போயிருக்காங்க, உள்நாட்டுப் போருக்கு முன்னாடி புருஷனோட ஒரு தடவை, பாதை தொறந்தப்புறம் தனியா ரெண்டு தடவை. இதைச் சொல்றப்போ அவங்க விரல் மணல்ல ஒரு கோடு போட்டுக்கிட்டே வந்துச்சு, மேலருந்து கீழ, கிழக்குக் கரையை ஒட்டியே, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கச்சான் தோல் வச்சு.

நான் மூணு வாரம் எக்ஸெல்ல உக்காந்து போட்டதும் அந்தத் தீவோட ஒரு மேப்தான். அதுல யாழ்ப்பாணம் முடிஞ்சு திருகோணமலை வந்ததும் கோடு சட்டுனு உள்ள திரும்பி, கண்டி எல்லன்னு மலைப்பக்கம் போயிடும், டூரிஸ்டுங்க எல்லாரும் போற திருப்பம். அந்த அம்மா போட்ட கோட்டுல கண்டியே இல்ல. நான் லிஸ்ட்ல கூட சேர்க்காத ஊருங்கதான் வரிசையா இருந்துச்சு. மறுநாள் வேன்ல போறப்போ மேப் தொறந்து பார்த்தா, திருகோணமலைலருந்து மட்டக்களப்பு 135 கிலோமீட்டர்தான், மூணு மணி நேரம். அங்கருந்து பொத்துவில், மொனராகலை, புத்தல வழியா கதிர்காமம் அஞ்சரை மணி நேரம் ஆகும். நடுவுல ஒரு ராத்திரி தங்கிட்டா சட்டத்தை லேசா மீறின மாதிரிதான். அதாவது நான் "தூரம்"னு சொன்னப்போ கதிர்காமத்தைக் கண்டிக்கும் எல்லவுக்கும் அப்புறம் சேர்த்து வச்சுப் பார்த்து தூரம்னு சொல்லியிருக்கேன். அதுங்களை எடுத்துட்டுப் பார்த்தா தூரம் இல்ல. எடுக்கலாம்கிற நெனைப்பே எனக்கு வரல, ஏன்னா அதெல்லாம் வெட்ட முடியாத ஊருங்க, ஸ்ரீலங்கா போயிட்டு கண்டி போகலயான்னு ஆபீஸ்ல கேப்பாங்க.

திருகோணமலைல முதல் நாள் ராத்திரி இதை வைஃப்கிட்ட சொன்னேன். கோணேஸ்வரம் போயிட்டு, கோட்டைக்குள்ள மானுக்குக் கை நீட்டிட்டு, நிலாவெளி கடல்ல பொண்ணு ரெண்டு மணி நேரம் ஊறிட்டு, எல்லாரும் நல்ல மூடுல இருந்த நேரம். அவ ரொம்ப நேரம் பேசல. ரயில் டிக்கெட்டு, கண்டி ரூம் பணம், எல்லாம் மனசுல ஓடியிருக்கும். அப்புறம், "அந்தப் பாட்டி சொன்னதை அத்தை எங்கிட்டயும் சொன்னாங்க. மூணு தடவை சொன்னாங்க"ன்னா. அதுதான் சம்மதம். காலைல டிரைவர்கிட்ட கேட்டேன், வவுனியாக்காரர், ரொம்ப அமைதி. "கண்டிக்கு எல்லாரும் போறதுதானே அண்ணை. மட்டக்களப்பால போவம்"னார். மட்டக்களப்பால-ன்னா மட்டக்களப்பு வழியான்னு அர்த்தம்னு எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆச்சு. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, வழில வர்ற ஊராலதான் அடுத்த ஊருக்குப் போறோம்கிற மாதிரி.

மட்டக்களப்பால

திருகோணமலைலருந்து கீழ எறங்கற அந்த ரோட்டுல ஆறும் களப்பும், அதாவது கடலோரக் காயலும், மாறி மாறி வருது. முன்னாடி ஒவ்வொண்ணையும் மெதவையில வண்டியை ஏத்தித்தான் கடக்கணுமாம், பாலமெல்லாம் சமீபத்துல வந்தது, கிண்ணியா பாலமே 2009-லதான் தொறந்தாங்க. வெருகல்ல முருகன் கோயில் பக்கத்துல நிறுத்தச் சொல்லி அம்மா எறங்கிக் கும்பிட்டாங்க. பாட்டி வச்ச கச்சான் தோல்ல இது எத்தனாவதுன்னு பொண்ணு எண்ணிக்கிட்டே வந்தா.

மட்டக்களப்புல ஒரே ராத்திரி. கல்லடிப் பாலத்துல நின்னா பௌர்ணமிக்கு மீன் பாடறது கேக்கும்பாங்க. நாங்க போனது பௌர்ணமி இல்ல, ஒண்ணும் கேக்கல, பைக் சத்தம்தான் கேட்டுச்சு. ஆனா அந்த வாவிக்கரைல இருட்டுனப்புறம் நடந்தது, சட்டில வாங்கின எருமைத் தயிர்ல பாணி, அதாவது பாகு, ஊத்திச் சாப்பிட்டது, இந்த ட்ரிப்ல எங்க இன்னொரு நாள் இருந்திருக்கணும்னு யாராவது கேட்டா நான் இந்த ஊரைத்தான் சொல்லுவேன். ஒரு ரீல்ஸ்லயும் இது வரல. அப்படியே இருக்கட்டும்னும் தோணுது, இங்க எழுதிக்கிட்டே அப்படிச் சொல்றது அயோக்கியத்தனம்தான்.

புத்தலலருந்து கதிர்காமம் போற ரோடு காட்டுக்குள்ள. நடு ரோட்டுல ஒரு யானை, தனி ஆண் யானை, சாவகாசமா நிக்குது. போற வர்ற வண்டிங்க பழம் குடுத்துக் குடுத்துப் பழக்கி வச்சிருக்காங்க, அது இப்போ டோல்கேட் மாதிரி வசூல் பண்ணுது. டிரைவர் கண்ணாடியெல்லாம் ஏத்தச் சொன்னார், சாப்பாட்டுப் பையை சீட்டுக்கு அடியில தள்ளச் சொன்னார், ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னார். தும்பிக்கை பொண்ணு பக்கத்துக் கண்ணாடியைத் தடவிட்டுப் போச்சு. மின்னேரியால முன்னூறு யானையைத் தூரத்துலருந்து பார்த்திருப்பா, இங்க ஒண்ணே ஒண்ணு, அதோட மூச்சுல கண்ணாடி மங்கிப் போச்சு. அவ அதுக்கப்புறம் மின்னேரியா பேச்சே எடுக்கல.

கதிர்காமத்துல அம்மா அழுவாங்க, கரைஞ்சு போவாங்கன்னு நான் எதிர்பார்த்தேன், போட்டோ எடுக்க போனைக் கூடத் தயாரா வச்சிருந்தேன். முதல் பூஜைல அவங்க முகத்துல இருந்தது குழப்பம். அங்க மூலவர் விக்கிரகம் பார்க்க முடியாது. முருகன் படம் போட்ட திரைதான், அது வெலகவே வெலகாது. பூஜை பண்றவர் கப்புறாளை, வாயைத் துணியால கட்டிக்கிட்டு உள்ள போறார், மந்திரச் சத்தமே இல்ல. சுத்திலும் வெள்ளை உடுத்தின சிங்களக் குடும்பங்க பழத்தட்டோட நிக்கறாங்க, கொஞ்சம் தள்ளி பள்ளிவாசல், அந்தப் பக்கம் கிரி விகாரைன்னு புத்த ஸ்தூபி. அம்மா எங்கிட்ட திரும்பி, "சாமியைக் காட்டவே மாட்டாங்களாடா?"ன்னாங்க. காட்ட மாட்டாங்கம்மா. "இவ்ளோ தூரம் வந்து..."ன்னு ஆரம்பிச்சு, அந்த வார்த்தைல அவங்களே நின்னுட்டாங்க.

மறுநாள் காலைல அவங்களே எழுந்து மாணிக்க கங்கைல எறங்கினாங்க. முழங்காலுக்கு மேல தண்ணி இல்ல, பெரிய பெரிய மருத மர நிழல், கரைல குரங்கு. புடவையோட உக்காந்து தலைக்குச் சொம்புல ஊத்திக்கிட்டாங்க. பக்கத்துல குளிச்ச ஒரு சிங்களப் பாட்டி இவங்க முதுகுல ரெண்டு கை தண்ணி அள்ளி ஊத்தினாங்க, இவங்க அவங்களுக்கு ஊத்தினாங்க, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கெடையாது. அப்புறம் செல்லக் கதிர்காமம், கதிர்மலைக்கு ஜீப்பு, சாயங்கால பூஜைக்குத் திரும்ப வந்து அதே திரைக்கு முன்னாடி. இந்தத் தடவை ஒண்ணும் கேக்கல.

இதுல நான் சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு, வைஃப் இதைப் படிப்பா, சொல்லிடறேன். அந்த ரெண்டாவது நாள் காலைல அவ கேட்டா. இங்கருந்து எல்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான் காட்டுது, அத்தை கோயில்ல இருக்கட்டும், பொண்ணு அவங்க கூட இருக்கட்டும், நாம போய் பாலத்தை மட்டும் பார்த்துட்டு சாயங்காலம் பூஜைக்கு வந்துடலாம்னு. நான் மேப்பைப் பார்த்தேன். மலை ரோடு, போக வர அஞ்சு மணி நேரம், டிரைவர் வேற களைச்சிருக்கார், மறுநாள் கொழும்பு போகணும். "தூரம்மா"ன்னேன்.

சொன்னப்புறம்தான் என்ன சொன்னோம்னு எனக்கே உறைச்சுது. அவ ஒண்ணும் பேசல, "சரி"ன்னா. அதுவும் ஒரு ரகம். மறுநாள் மத்தளைல எக்ஸ்பிரஸ்வே ஏறினா கொழும்பு வரைக்கும் வழுக்கிக்கிட்டுப் போகுது, காலிமுகத்திடல்ல இறால் வடை வாங்கிக் குடுத்தேன், சாப்பிட்டா, நல்லா இருக்குன்னா, ஆனா பேச்சு அவ்வளவுதான். ஊருக்கு வந்தப்புறம் யாராவது "ஸ்ரீலங்கால எல்லாம் பார்த்தீங்களா?"ன்னு கேட்டா அவ சொல்ற பதில், "எல்ல மட்டும் பார்க்கல." கேட்டவங்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும்.

போன வாரம் அவளே லேப்டாப்பைத் தொறந்து என் பழைய எக்ஸெல்ல புதுசா ஒரு ஷீட் போட்டிருக்கா. பிப்ரவரி மாசம், தெக்குக் கரையும் மலையும், எல்லைல ரெண்டு ராத்திரி, முதல் வரிலயே பச்சைக் கலர். எல்லைன்னே டைப் பண்ணி வச்சிருக்கா, நான் திருத்தல. ஃப்ரெண்டுக்கு இந்த ஷீட்டை அனுப்பிடலாமான்னு யோசிச்சேன், அவன் எந்த மாசம் போறான்னே அவன் சொல்லல. அதைக் கேட்டு இப்பதான் ஒரு மெசேஜ் போட்டேன், கூட அவங்க அம்மா வர்றாங்களான்னும் கேட்டிருக்கேன். ஹால்ல வைஃப் அம்மாகிட்ட ஷீட்டைக் காட்டிக்கிட்டு இருந்தா. அம்மா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு மேல கீழ பார்த்துட்டு, "நல்லா இருக்கும்மா"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்த எல்லைக்குப் பக்கத்துல கோயில் ஏதாவது இருக்கா?"